பதினோரு லேமினேஷன்

நாகர்கோவில்
ஆடி மாதம், காற்று விடாத ஒரு ராத்திரி

அன்புள்ள தாசு,

நலம். அங்கேயும் எல்லோரும் நலமாகவே இருப்பீர்கள். ஈஸ்டருக்கு நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்ததாகச் சைமன் சொன்னான். சரி, வாங்கிக்கொண்டேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பெரியவளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. கொல்லையில் நின்ற மட்டி வாழை முழுக்கக் காற்றில் சாய்ந்துவிட்டது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இனி விஷயம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம்.

தங்கச்சி மகன், அதுதான் மக்கா, முப்பந்தலில் காற்றாலைக் காத்தாடி ஏறுகிறவன், போன செவ்வாய்க்கிழமை வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினான். பதினோரு சர்டிபிகேட். பதினொன்றும் லேமினேஷன் போட்டது. கருவாடு காயப்போட்ட மாதிரி வரிசையாக வைத்துவிட்டு, "மாமா, இதில் ஏதாவது ஒன்றுக்கு மதிப்பு இருக்கா என்று பாருங்க" என்றான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கியர்பாக்ஸ் பராமரிப்பு, ஹைட்ராலிக்ஸ், பிரேக், போல்ட்டை அளவான முறுக்கில் இறுக்குவது, மின்சாரப் பாதுகாப்பு என்று எல்லாம் நல்ல பாடங்கள். ஆனால் பத்துத் தாளிலும் ஒரே வாசகம்: "பயிற்சியில் பங்கேற்றார்." எத்தனை மணி நேரம்? போடவில்லை. பரீட்சை உண்டா? சொல்லவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதியவனுக்குத் தாம்பூலப் பை கொடுப்பார்களே, அந்தக் கணக்கு.

பதினொன்றாவது தாள்தான் ஆச்சரியம். உயரத்தில் வேலை, தீ, முதலுதவி எல்லாம் சேர்ந்த பாதுகாப்புப் பயிற்சி. ஜி.டபிள்யூ.ஓ. என்று காற்றாலை செய்கிற, நடத்துகிற கம்பெனிகளே கூடி அமைத்த அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தரப்படி எங்கே பயிற்சி எடுத்தாலும் பதிவு ஒரே இடத்தில் ஏறிவிடும். டென்மார்க் கம்பெனியானாலும் திறந்து பார்க்கலாம். போட்டி போட்டுக்கொள்கிற கம்பெனிகள் இந்த ஒரு விஷயத்தில் கை குலுக்கியிருக்கின்றன பார். ஆனால் அதற்கு ஆயுள் இரண்டு வருஷம்தான், புதுப்பிக்க வேண்டும். இவனுடையது காலாவதி. ஊர் ஊராகச் செல்லுபடியாகிற ஒரே தாள், அதையும் புதுப்பித்துக் கொடுக்க ஆள் இல்லை.

நடந்தது இதுதான். இவன் வேலை பார்த்த கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. புதிதாக எடுத்தவன் ஆளைப் பாதியாகக் குறைத்தான். சரி, இந்த இடைவெளியில் டிப்ளமோ படிப்போம் என்று ஒரு பாலிடெக்னிக்கில் போய்க் கேட்டிருக்கிறான். வெறும் பத்தாம் வகுப்பு என்றால் முதல் வருஷம், ஐடிஐ இரண்டு வருஷம் முடித்திருந்தால் நேரே இரண்டாம் வருஷம் என்று சொன்னார்களாம். இவன் ஃபைலை நீட்டியிருக்கிறான். கவுண்டரில் இருந்தவர் கெட்டவர் ஒன்றும் இல்லை. பொறுமையாகப் பதினொன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை இந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுத, தம்பி?" என்று கேட்டாராம்.

ஒன்பது வருஷம், தாசு. கோபுர உச்சிக்கு இடுப்பில் பெல்ட்டோடு ஏறி, உள்ளே சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகிறது என்று சொல்கிற பையன். அவனை எழுதிக்கொள்ள ஒரு கட்டம் இல்லை. இதில் கொடுமை, கான்ட்ராக்ட் முடியும்போது கொடுத்த அனுபவக் கடிதத்தில் பதவி என்ன தெரியுமா? "ஹெல்பர்." முதல் மாதம் சேர்ந்தபோது எழுதியதை யாரும் மாற்றவே இல்லை.

இப்போது நீ கோபப்படக் கூடாது. உன் டிரெயினிங் சென்டரில் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாயே, அதுவும் இதே சாதிதான். போன தடவை வந்தபோது பெருமையாக ஒன்றைக் காட்டினாய். நானும் "அருமை" என்று சொன்னேன். வாபஸ் வாங்குகிறேன். முத்திரை மட்டும்தான் அருமை. நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும்: விவரமாகத் தாள் கொடுத்தால் பையன் அடுத்த கம்பெனிக்குப் பறந்துவிடுவான். தாள் கொடுக்காமல் யாரைப் பிடித்து வைத்தாய்? உன் வெல்டர் இரண்டு பேர் கத்தாருக்குப் போனபோது உன்னிடம் சொல்லிக்கொண்டா போனார்கள்?

நாம் இரண்டு பேரும் 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் பிள்ளைகள், மறந்துவிடாதே. நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் ஐடிஐ முடித்து, பட்டறையில் கிரீஸ் பூசி, கடைசியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதினோம். கற்றுக்கொடுத்தது முதலாளி, பரீட்சை வைத்தது வெளியாள். அந்தத் தாள் இருந்ததால்தான் நீ ஓசூருக்குப் பஸ் ஏறினாய். ஓசூரில் யாராவது "நாகர்கோவிலில் எந்தப் பட்டறை, முதலாளி யார்" என்று கேட்டார்களா?

2008-ல் பேப்பரை வெட்டி எனக்கு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? இங்கிலாந்தில் மெக்டொனால்ட்ஸ், நெட்வொர்க் ரயில், ஃப்ளைபி விமானக் கம்பெனி மூன்றுக்கும் தங்கள் பயிற்சிக்குத் தாங்களே அரசு அங்கீகாரத்தோடு தகுதிச் சான்று கொடுக்க அனுமதி கிடைத்த செய்தி. மெக்டொனால்ட்ஸின் ஷிஃப்ட் மேனேஜர் படிப்புக்கு அங்கே ஏ-லெவல், அதாவது நம்ம பிளஸ் டூ மாதிரியான மட்டத்துக்குச் சமமான இடம். நீ ஓரத்தில் "பர்கர் பிளஸ் டூ" என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் சிரித்தோம். இப்போது அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஃப்ளைபி 2020-ல் மூடப்பட்டது. கம்பெனி போய்விட்டது, ஆனால் அங்கீகாரத்தோடு வாங்கிய தகுதி வாங்கியவன் கையில் நிற்கும் இல்லையா? நம்ம பையனுக்குக் கான்ட்ராக்ட் போனதும் ஒன்பது வருஷமும் சேர்ந்து போயிற்று. இப்போது யார் சிரிக்க?

ஜெர்மனிக்குப் போய்வந்து ஒரு மாதம் அந்தப் பெருமை பேசினாயே. அங்கே கைத்தொழிலில் தேர்ந்தவருக்குத் தருகிற மைஸ்டர் பட்டமும் இளநிலைப் பட்டமும் தகுதிச் சட்டகத்தில் ஒரே ஆறாம் படியில் இருக்கின்றன என்று சொன்னதே நீதான். கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் நம்மிடமும் காகிதத்தில் வந்துவிட்டது மக்கா. 2023-ல் தேசியக் கிரெடிட் சட்டகம் என்று போட்டார்கள். பள்ளி, கல்லூரி, தொழிற்பயிற்சி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: ஒரு வருஷப் படிப்பு 1200 மணி நேரம், 40 கிரெடிட். கிரெடிட் என்றால் படித்த நேரத்துக்குக் கிடைக்கிற புள்ளி. அதாவது 30 மணி நேரத்துக்கு ஒன்று. மதிப்பீடு நடந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

இதைப் படித்துவிட்டு அவனையே உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். அவன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, வகுப்பில் இருந்த நேரம் மட்டும் ஏறக்குறைய 600 மணி வந்தது. கூட நின்று ஆள் கற்றுக்கொடுத்ததைச் சேர்க்கவில்லை. 20 கிரெடிட், அரை வருஷப் படிப்பு! மாமனும் மருமகனும் லாட்டரி விழுந்த மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் தாள்களைத் திரும்பப் பார்த்தோம். மணி நேரமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. சட்டகம் இருக்கிறது, கிரெடிட்டைச் சேர்த்துவைக்க வங்கி இருக்கிறது, டெபாசிட் பண்ணத்தான் ஒன்றும் இல்லை.

அதனால் பழைய வழிக்கே வந்துவிட்டோம். அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வைக்கப் போகிறேன், எலக்ட்ரீஷியன் பிரிவில். மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும், இவனிடம் ஒன்பது இருக்கிறது. அந்த "ஹெல்பரை" மாற்றி எழுதி வாங்கப் பழைய சூப்பர்வைசர் வீட்டுக்குத் தோவாளையில் இரண்டு நடை நடந்தாயிற்று. மூன்றாவது நடையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சான்று கையில் வந்ததும் அதே கவுண்டரில் போய் நிற்போம். இப்போது ஒரு கட்டம் இருக்கும்.

தினமும் சாயங்காலம் வருகிறான். மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பாடம். தொழிற்கணக்கு பரவாயில்லை. வரைபடம்தான் தகராறு. கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவான், ஆனால் ஒரு சதுரக் கட்டையின் பக்கவாட்டுத் தோற்றம் வரையச் சொன்னால் முழிக்கிறான். "இது எதற்கு மாமா, கட்டையையே திருப்பிப் பார்த்தால் போச்சே" என்கிறான். நமக்கு அரம் பிடித்து இரும்பு ராவக் கற்றுக்கொடுத்த ஃபைல் வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் மூன்று மாசம் ராவ வைத்திருப்பார், உன்னை வைத்த மாதிரி.

உனக்கு இரண்டு வேலை. ஒன்று, உன் கம்பெனியில் எலக்ட்ரிகல் பகுதிக்கு என்ன பாடத்திட்டம் வைத்திருக்கிறாய், அதை அப்படியே நகல் எடுத்து அனுப்பு. இரண்டு, அடுத்த பேட்சுக்கு அச்சடிக்கும் முன்னால் அந்தச் சர்டிபிகேட் மாதிரியை எனக்குக் காட்டு. என்ன கற்றான், எத்தனை மணி, யார் சோதித்தார், எத்தனை மார்க் என்ற நாலு வரி சேர்த்துவிட்டு அப்புறம் உன் பெரிய முத்திரையைக் குத்திக்கொள். மேலே இருப்பவர்கள் விடமாட்டார்கள் என்றால் எழுதியாவது கேட்டாயா என்று சொல்.

இன்னொன்று. உன் டி-ஸ்கொயர் காணாமல் போயிற்று என்று 1984-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாயே. என்னிடம்தான் இருக்கிறது. பரண்மேல் கிடந்தது. இப்போது அதை வைத்துத்தான் அவன் வரைகிறான். தேர்வு முடியும்வரை கேட்காதே.

உன்,
மணி

(சைமனிடம் இதைக் காட்டாதே. டி-ஸ்கொயர் பழியை இத்தனை வருஷமாக அவன்தான் சுமந்துகொண்டிருக்கிறான்.)