சேலம் ஒன்றா, இரண்டா? வாக்காளர் பட்டியல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எஸ்.ஐ.ஆர். எனப்படும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் படிவம் எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அஸ்தம்பட்டிப் பக்கம் எந்தத் தெரு பழைய பட்டியலில் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில் (வாக்குச்சாவடி வாரியான பிரிவில்) இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வாக்குச்சாவடி வாசலில் ஒட்டுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு 74 வயது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடத்தில் ஓட்டு. படிவமோ இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் அவர் எந்தச் சட்டமன்றத் தொகுதி, எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை என்று கேட்கிறது. நான் பாட்டுக்கு 'சேலம் வடக்கு' என்று எழுதப் போனேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பட்டியல் போட்ட காலத்தில் 'சேலம் வடக்கு' என்ற தொகுதியே கிடையாது. 2008 தொகுதி எல்லை மறுசீரமைப்பில் வந்த தொகுதி இது. 2006 தேர்தல் வரை சேலம் 1, சேலம் 2 தான்.

சரி, நாங்கள் ஒன்றா, இரண்டா? பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னார். 2006இல் சேலம் 2இல் ஜெயித்தவர் வீரபாண்டி ஆறுமுகம். "மெஷின்ல வீரபாண்டியார் பேர் இருந்துச்சாம்மா, கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க" என்றார். "யாருக்குப் போட்டேன்னு வெளிய சொல்லக் கூடாதுப்பா" என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாகம் பாகமாகச் செல்போனில் திறந்து பார்த்ததில் மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவின் பெயர் கிடைத்தது. அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை, கதவு எண் பழையது. படிவத்தோடு வீட்டுக்கு வந்த பி.எல்.ஓ.வை (வாக்குச்சாவடி நிலை அலுவலரை) நான் குறை சொல்ல மாட்டேன்; நான் ஒரு வீட்டுக்குத் தேடியதை அவர் எத்தனை வீட்டுக்குத் தேடுவார்? மலைமேல் இருக்கும் என் சித்தி பெண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லை எப்படி மாறினாலும் ஏற்காடு அன்றும் ஏற்காடு, இன்றும் ஏற்காடு.

2011 முதல் 2021 வரை எங்கள் தொகுதி கண்டது மூன்று சட்டமன்றப் பொதுத் தேர்தல். 2011இல் தே.மு.தி.க.வின் அழகாபுரம் மோகன்ராஜ். 2016, 2021 இரண்டிலும் தி.மு.க.வின் ராஜேந்திரன், 2024இல் அமைச்சரும் ஆனார். மூன்று தடவையும் எல்லாக் கட்சிக்காரர்களும் பூத் சிலிப்போடு கதவு மாறாமல் வந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் பெங்களூரில் வேலை பார்க்கிறார் என்பது வரை அவர்கள் நோட்டில் இருக்கிறது. தொகுதியைப் பிரித்துக் கோடு போட்ட அரசாங்கத்திடம் மட்டும் தெருக் கணக்கு இருக்காதா? ஒருவேளை அந்த நோட்டுகளைத்தான் இரவல் வாங்க வேண்டுமோ என்னவோ.

மன்னிக்கவும், சண்டை போட எழுதவில்லை. அம்மாவின் படிவத்தைக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். செல்போனில் பட்டியல் தேடித்தர அவர்களுக்கு ஆளில்லை. படிவம் வாங்கும் கடைசி நாளுக்கு முன்பாவது, எந்தத் தெரு சேலம் 1, எந்தத் தெரு சேலம் 2, பாகம் எண் என்ன என்று அந்த ஒரு தாளைத் தயவுசெய்து ஒட்டிவிடுங்கள். பசை வேண்டுமானால் நாங்களே காய்ச்சித் தருகிறோம்.

இப்படிக்கு,
சேலம் வடக்கு வாக்காளர் ஒருவர்