ஊசிக்கு முன்னால் தீவனத்தைக் கேளுங்கள்: கால்நடைத் துறைக்கும் பால் ஒன்றியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் கால்நடைத் துறை அதிகாரிகளுக்கும் பால் ஒன்றிய நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊரில் நடந்த மலடு நீக்க முகாமைப் பற்றி எழுதுகிறேன். முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரிசையாக மாடுகள், கைவிட்டுப் பரிசோதனை, ஒரு ஊசி, ஒரு பொட்டலம் தாது உப்பு, நோட்டில் கையெழுத்து. வந்த மருத்துவர் மதியம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று பார்த்தார். நாலைந்து ஊருக்கு அவர் ஒருவர்தான் என்பதும் தெரியும், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வரிசையில் நின்ற ஒரு மாட்டைப் பற்றிக்கூட "இது என்ன தின்கிறது?" என்று யாரும் கேட்கவில்லை. வருத்தம் அதில்தான்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் ஜெர்சிக் கலப்புப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈன்ற புதிதில் வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு அது. இப்போது இடுப்பெலும்பு இரண்டும் துருத்தி, வாலடியில் குழி விழுந்து நின்றது. வரிசையில் நிற்கும்போதே பக்கத்துச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கீழே கிடந்த ஒரு கந்தல் துணியை வாயில் இழுத்துப் போட்டு மெல்ல ஆரம்பித்தது. அக்கா அதைப் பிடுங்கி எறிந்தார், மாடு மறுபடி சுவருக்கே போனது. பாஸ்பரஸ் குறைந்த மாடு மண், சுவர், துணி, எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் தின்னும் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அத்தனை பேர் கண்ணெதிரே அது நடந்தது.

கருப்பையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார்கள். எத்தனை சினை ஊசி (செயற்கை முறையில் விந்து செலுத்துவது) போட்டும் சினை நிற்கவில்லை என்று அக்கா சொன்னதும், "இது தேறாதும்மா, வந்த விலைக்குக் கொடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார்கள். வியாபாரி வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார். சினையும் இல்லாமல் பாலும் வற்றிய மாட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாடு வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது, அதைப் பிடித்தம் செய்ய இனிப் பால் பணமும் வராது. தினம் விடியற்காலையில் தூக்குவாளியோடு பால் சங்கத்துக்கு வருகிற அக்கா இப்போது நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அந்த மாடு தின்றது என்ன என்று நான் சொல்கிறேன். வைக்கோல், கடைத் தீவனம், பால் குறையும்போதெல்லாம் கூடுதலாக ஒரு கை புண்ணாக்கு. சொந்த நிலம் இல்லாததால் பசும்புல் கிடையாது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்குக்கு மேல் இருக்காது. பாஸ்பரஸ் மிகக் குறைவு, இருக்கிற கால்சியத்தையும் அதிலுள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்தி தருகிற தானியம் போதாமல் புண்ணாக்கை மட்டும் ஏற்றினால், அந்தப் புரதத்தைப் பயன்படுத்த வயிற்று நுண்ணுயிர்களுக்குத் தெம்பு இருக்காது. மிஞ்சியது அம்மோனியாவாகிக் கல்லீரலுக்குப் போய், அங்கே யூரியாவாகி ரத்தத்தில் சுற்றும். பாலிலும் இறங்கும், கருப்பைத் திரவத்திலும் இறங்கும்.

"ஊசி நிற்கவில்லை" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் ஊசியின் குற்றமே இல்லை. விந்தும் நேரமும் சரியாக இருந்தால் பெரும்பாலான மாடுகளில் கரு உருவாகிவிடுகிறது. நான்கைந்து நாளில் அது கருக்குழாயிலிருந்து கருப்பைக்கு இறங்குகிறது. இரண்டு வாரம் ஆகும்போது நூல்போல நீளத் தொடங்குகிறது. 16ஆம் நாள் வாக்கில் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, தான் இருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்தான் சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பு நிற்காமல் தொடரும். கரு அதற்குள் செத்துவிட்டாலோ வளர்ச்சியில் பின்தங்கிவிட்டாலோ 21ஆம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். நாங்களும் ஊசி போடுகிற தம்பியும் "பிடிக்கவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஊசிக்குத் தயாராகிறோம். உள்ளே ஒரு கரு இருந்து செத்தது என்பது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இந்தச் சாவில் தீவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாலில் இறங்கிய யூரியாவைக் காட்டும் அளவான பால் யூரியா நைட்ரஜன், டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 19 மில்லிகிராமைத் தாண்டிய மாடுகளில் சினை பிடிப்பது குறைகிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1990களிலேயே காட்டிவிட்டார்கள். அப்புறம் யூரியா மிகுந்த கறவை மாடுகளிடமிருந்து ஏழு நாள் கருவை எடுத்துக் கிடேரிகளுக்கு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். வேறு வயிற்றுக்கு மாற்றியும் அந்தக் கருக்கள் குறைவாகவே தங்கின. கேடு முதல் வாரத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது என்றுதானே அர்த்தம்?

மெலிவின் கதை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. இன்று வெளிப்படும் கருமுட்டை வளரத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். ஈன்ற புதிதில் தீவனம் ஈடுகொடுக்காமல் தன் உடம்பையே கரைத்துக் கறக்கிற மாட்டில், கரைந்த கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பமிலம் கருமுட்டையைச் சுற்றியுள்ள திரவம் வரை போகிறது. அப்படி அரைகுறையாக வளர்ந்த முட்டைக்கு எவ்வளவு உயர்ந்த காளையின் விந்தைக் கொடுத்து என்ன பயன்?

இதெல்லாம் நீங்கள் படித்துப் பட்டம் வாங்கியது, எங்களைவிட நன்றாகத் தெரிந்தது. தெரிந்த விஷயம் ஏன் எங்கள் தொழுவம் வரை வருவதில்லை என்பதுதான் கேள்வி. பெண் கன்றே பிறக்க வேண்டும் என்று பாலினம் பிரித்த விந்து ஊட்டியில் தயாராகிறது, நல்ல முயற்சி. ஆனால் சாதாரண விந்துக் குச்சியில் 2 கோடி விந்தணு என்றால், பாலினம் பிரித்த குச்சியில் இருப்பது சுமார் பத்தில் ஒரு பங்குதான். நல்ல உடம்புள்ள மாட்டிலேயே அது நிற்பது கொஞ்சம் கஷ்டம். எலும்பு தெரிகிற மாட்டுக்கு அதைப் போட்டு இலக்கை முடிக்கச் சொன்னால் விந்தும் வீண், மூன்று வாரமும் வீண். எத்தனை ஊசி போட்டீர்கள் என்று மாதாமாதம் கணக்குக் கேட்கிற நிர்வாகம், எத்தனை மாட்டின் தீவனத்தைப் பார்த்தீர்கள் என்று ஒரு மாதமாவது கேட்டதுண்டா? பாலுக்கு விலை வைக்கும்போது கொழுப்பையும் இதர சத்தையும் புள்ளி பிசகாமல் பார்க்கிறீர்கள். அதே பாலைக் கொடுத்த மாடு கரைந்துபோவதைப் பார்க்க ஆளில்லையா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். ஊசிக்கு முன்னால் தீவனத்தைக் கேளுங்கள்.

இது புதிய காரியமும் இல்லை. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் 2012 வாக்கில் தொடங்கிய தீவனச் சமன்பாட்டுத் திட்டத்தில், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். வீட்டில் இருக்கிற தீவனத்தை வைத்தே எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சொன்னார்கள். அப்படி ஒருவரைச் சங்கத்துக்கு ஒருவராக நியமியுங்கள். படித்த பெண்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஒன்றியத்தாரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். யூரியா கலப்படத்தைப் பிடிக்கப் பகுப்பாய்வுக் கருவி வைத்திருக்கிற இடங்களில், அது காட்டும் யூரியா அளவைக் கலப்படக்காரரைப் பிடிப்பதற்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஈன்று இரண்டு மாதமான மாட்டின் பாலைத் தனியாக ஒரு குப்பியில் வாங்கிப் பார்த்து, அளவு கூடியிருந்தால் அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள். புண்ணாக்கைக் குறைத்து மக்காச்சோளமோ கம்போ கொஞ்சம் சேர்க்கச் சொன்னால் நாங்கள் கேட்க மாட்டோமா? தாது உப்பையும் முகாமில் ஒரு பொட்டலத்தோடு நிறுத்தாமல், தினம் 30 முதல் 50 கிராம் போடுகிற அளவுக்குச் சங்கத்திலேயே விற்று, பால் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

துறையாரிடம் கேட்பது இது. ஒரு மாட்டைத் தேறாது என்று சொல்வதற்கு முன்னால் அது என்ன தின்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, ஈன்று எத்தனை மாதம் ஆகிறது என்ற மூன்றையும் முகாம் நோட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிடுங்கள். தீவனத்தைச் சரிசெய்து இரண்டு மூன்று மாதம் பார்த்த பிறகும் நிற்கவில்லை என்றால், அப்போது விற்கச் சொல்லுங்கள், நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்து ஊர் முகாம் அடுத்த மாதம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த நோட்டை அங்கேயே தொடங்கிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தில் பால் ஊற்றும் ஓர் உறுப்பினர்