எந்தக் கவுண்டியும் இல்லாதவர்களின் நன்றி மடல்

கேலிக் ஆட்டங்களில் எங்களுக்கு இடம் கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம்.

அயர்லாந்தில் மாவட்டம் போன்ற பிரிவைக் கவுண்டி என்பார்கள். நாங்கள் கார்க்கும் இல்லை, கிளேரும் இல்லை. கெர்ரியும் இல்லை, டொனிகாலும் இல்லை. நல்ல ஆட்டம் என்று தெரிந்தால் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் நடுநிலை ரசிகர்கள். அயர்லாந்தின் கேலிக் ஆட்டங்களான, மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் ஊர்க்காரர்களின் சொத்து. ஊர்க் கிளப்பில் ஆடத் தொடங்கி, திறமை இருந்தால் கவுண்டி அணிக்குப் போகிறார்கள். அங்கும் சம்பளம் கிடையாது. கேலரியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, களத்தில் ஓடுகிறவர் அக்கா மகனாக இருக்கலாம், பிள்ளையின் பள்ளி ஆசிரியராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் நகர்ந்து உட்கார்ந்து சேர்த்துக்கொண்டீர்கள். அதற்கு நன்றி சொல்லவும், நீங்கள் கற்றுக்கொடுத்ததை அடுத்து வருகிறவர்களுக்கு எழுதிவைக்கவும் இந்த மடல்.

முதலில் கிளப் செயலர்களுக்கு. அகில அயர்லாந்து இறுதிப் போட்டிக்கான டிக்கெட் பொது விற்பனைக்கு வருவதில்லை. கவுண்டிகளுக்குப் பங்கு பிரித்து, அங்கிருந்து கிளப்புகளுக்கு வருகிறது. இறுதியில் ஆடாத கவுண்டிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. நடுநிலை ரசிகர் கைக்கு நேர்வழியில் வரும் டிக்கெட் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்துதான். வருடம் முழுக்கச் சிறுவர் பயிற்சிக்கு வந்து நிற்கிறவர்களுக்கு முதலில், மிச்சமிருந்தால் குலுக்கல் என்று பல கிளப்புகளில் வைத்திருக்கும் வரிசை நியாயமானது. ஜூலையில் திடீரென்று கிளப்பின் ஞாபகம் வருகிறவர்களுக்கு எங்கள் யோசனை: ஆண்டுத் தொடக்கத்திலேயே சந்தா கட்டிச் சேருங்கள், டிக்கெட்டை மறந்துவிடுங்கள். அப்படியும் ஒன்று கிடைத்து, ஆடும் கவுண்டிக்காரர் ஒருவர் டிக்கெட் இல்லாமல் தவிக்கிறார் என்று தெரிந்தால், அச்சிட்ட விலைக்கே அவரிடம் கொடுத்துவிடுவதுதான் முறை. டப்ளினில் இறுதிப் போட்டி நடக்கும் க்ரோக் பார்க் மைதானத்து ஆட்டங்களின் டிக்கெட்டை அதற்கு மேல் விலை வைத்து விற்பது 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்தான்.

உள்ளதைச் சொன்னால், நடுநிலை ரசிகருக்கு இறுதிப் போட்டி அவ்வளவு தேவையும் இல்லை. ஏப்ரலில் தொடங்கும், தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஹர்லிங் சுற்றுதான் அவருக்கான திருவிழா. கிளேர், கார்க், லிமரிக், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட் ஐந்தும் ஒன்றோடொன்று மோதும்; மொத்தம் 10 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் மன்ஸ்டர் இறுதிக்கு, மூன்றாவது அணி அகில அயர்லாந்துத் தொடருக்கு, மற்ற இரண்டுக்கும் மே மாதத்தோடு ஆண்டு முடிந்தது. அதனால் ஒப்புக்கு ஆடும் ஆட்டம் என்று அங்கே அநேகமாக எதுவும் இருக்காது. கடைசிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். மற்ற மைதானத்துச் செய்தி வந்ததும் இங்கே கேலரி முழுக்கச் சலசலக்கும். மைதானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எனிஸ் குசாக் பார்க்கும் வாட்டர்ஃபோர்ட் வால்ஷ் பார்க்கும் சின்னவை. அங்கே வெளியாள் ஒருவர் வாங்கும் டிக்கெட் உள்ளூர்ப் பிள்ளை ஒன்றின் டிக்கெட். தர்லஸ் செம்பிள் ஸ்டேடியம், கார்க் பார்க் ஈ குவீவ், லிமரிக் கேலிக் கிரவுண்ட்ஸ் மூன்றும் 40,000 பேருக்கு மேல் கொள்ளும், அவற்றுக்குப் போங்கள். கால்பந்தில் ஆசை இருந்தால் க்ரோக் பார்க்கில் நடக்கும் கால் இறுதி ஆட்டங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், ஒரே டிக்கெட். காசுக்கு அதைவிட ஆட்டம் கிடைக்காது.

டிக்கெட்டை ஃபோனில் வாங்கினால் வீட்டிலேயே வாலட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். மைதான வாசலில் ஆயிரக்கணக்கான ஃபோன்கள் ஒரே நேரத்தில் சிக்னலுக்குத் தவிக்கும்; வரிசை நிற்பதற்குப் பாதிக் காரணம் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தத் திரைதான். டிக்கெட்டில் எந்தத் தெரு வழியாக வர வேண்டும், எந்தச் சுழல்வாயில் என்று போட்டிருக்கும். க்ரோக் பார்க்கில் அதைப் படிக்காமல் கூட்டத்தோடு போகக் கூடாது. ஒரு முனையில் ராயல் கால்வாய், மறுமுனையில் ரயில் பாதை. தவறான பக்கம் போய் நின்றால் உள்ளே குறுக்கு வழி கிடையாது. வெளியே தெருத்தெருவாகச் சுற்றி வருவதற்குள் முதல் கோல் விழுந்திருக்கும். ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள்.

பயணத்துக்கு உதவியவர்களில் ரயில் ஊழியர்களுக்குத் தனி நன்றி. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து தர்லஸுக்கு ஒன்றே கால் மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை. இறங்கி நடந்தால் மைதானம் கிட்டத்தில். பெரிய ஆட்ட நாட்களில் கூடுதல் ரயில் விடுகிறீர்கள். திரும்பும் ரயிலை இறுக்கமாகப் பதிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. ஆட்டம் 70 நிமிடம் என்று கணக்குப் போடுகிறார்கள். இடைவேளை, காயத்துக்கான நேரம் இவற்றை விட்டாலும், நாக்அவுட்டில் சமநிலை வந்தால் 20 நிமிடக் கூடுதல் நேரம் உண்டு. 2025 மன்ஸ்டர் ஹர்லிங் இறுதியில் கார்க்கும் லிமரிக்கும் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமமாக நிற்க, பெனால்டியில் கார்க் ஜெயித்தது. அன்று நேரம் பார்த்து எழுந்து போனவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்று: லிமரிக் ஜங்ஷன் என்ற ரயில் நிலையம் லிமரிக் நகரத்தில் இல்லை, டிப்பரேரிக் கவுண்டியில் இருக்கிறது. அங்கே வண்டி மாற வேண்டும். இறங்கி மைதானத்தைத் தேடக் கூடாது.

எங்கள் பெரிய கடன் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு. இந்த ஆட்டங்களில் இரு அணி ரசிகர்களையும் வேலி போட்டுப் பிரிப்பதில்லை. ஒரே வரிசையில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த உடனே கேள்வி வரும்: “யாருக்குக் கத்தப் போறீங்க?” யாருக்கும் இல்லை என்றால் முகம் சுருங்கும், நல்ல ஆட்டம் பார்க்க வந்தோம் என்றால் பாடம் தொடங்கிவிடும். அந்தப் பாடத்தில் கற்றவை இவை.

கோல் கம்பம் ஹெச் எழுத்து வடிவில் நிற்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. ஸ்கோரை இரண்டு எண்ணாகப் போடுவார்கள். முதல் எண்ணை மூன்றால் பெருக்கி இரண்டாவதோடு கூட்ட வேண்டும். 2024 ஹர்லிங் இறுதி: கிளேர் 3-29, கார்க் 1-34. அதாவது 38-க்கு 37, அதுவும் கூடுதல் நேரம் ஆடி. பலகையில் 34 என்பதைப் பார்த்து கார்க் முன்னிலை என்று நினைக்கிற நடுநிலை ரசிகர் இன்னும் இருக்கிறார். கால்பந்தில் 2025 முதல் இன்னொரு கணக்கும் சேர்ந்தது: 40 மீட்டர் வளைவுக்கு வெளியேயிருந்து உதைத்துச் சட்டத்துக்கு மேலே அனுப்பினால் 2 புள்ளி.

ஹர்லிங்கில் பந்தைத் துரத்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்லிட்டர் என்கிற அந்தச் சின்னத் தோல் பந்தை, ஆஷ் மரத்து மட்டையால் அடித்த அடியில் கண் தவறவிட்டுவிடும். வெள்ளை மேலங்கி போட்டு இரு கம்பங்களின் அடியில் நிற்கும் அம்பயரைப் பாருங்கள். அவர் அண்ணாந்து பார்த்து, எதிர்க் கம்பத்து அம்பயரை ஒரு பார்வை பார்த்து, குனிந்து கொடியை எடுப்பார். வெள்ளைக் கொடி என்றால் ஒரு புள்ளி, பச்சை என்றால் கோல், கால்பந்தின் இரண்டு புள்ளிக்கு ஆரஞ்சு. இரு கைகளையும் அகல விரித்தால் பந்து வெளியே. கொடி ஆடி முடிப்பதற்குள் கோல்கீப்பர் அடுத்த பந்தை அடித்திருப்பார் என்பதால் ஸ்கோரைக் குறித்துக்கொண்டிருந்தால் அடுத்த புள்ளி போய்விடும். கோல்கீப்பரின் அந்த அடி எங்கே விழுகிறது, யார் அதற்காக முன்கூட்டியே நகர்கிறார் என்பதுதான் ஆட்டத்தின் பாதி. அது மேலடுக்கிலிருந்துதான் முழுதாகத் தெரியும். கீழடுக்கில் மட்டைச் சத்தமும் வேகமும் கிடைக்கும், வியூகம் கிடைக்காது. எங்களைக் கேட்டால் ஹர்லிங்குக்கும் மேலடுக்கே.

அணி விவரம் அச்சிட்ட ஆட்டப் புத்தகத்தை வாங்குங்கள், ஆனால் நம்பாதீர்கள். எதிரணியைக் குழப்ப, அறிவித்த அணி ஒன்று, இறங்கும் அணி வேறு என்று செய்வது இங்கே சகஜம். இறுதிப் போட்டியில் ஆர்ட்டேன் பேண்டின் பின்னால் இரு அணிகளும் எண் வரிசையில் மைதானத்தைச் சுற்றி வரும்போது பென்சிலோடு இருங்கள். 1 முதல் 15-க்குள் எந்த எண் காணோம், 16-க்கு மேல் யார் வரிசையில் புகுந்திருக்கிறார் என்று திருத்திக்கொள்ளலாம். எண்ணே இடத்தையும் சொல்லும்: 3 நடுத் தடுப்பாட்டக்காரர், அவருக்கு எதிரே எதிரணியின் 14, 6-க்கு எதிரே 11. இந்த ஜோடிகள் சேர்ந்து போகாவிட்டால் அங்கே ஏதோ திட்டம் நடக்கிறது. தேசிய கீதத்தின் கடைசி வரி முடிவதற்குள் கூட்டம் கத்தத் தொடங்கிவிடும். அது மரியாதைக் குறைவு இல்லை, வழக்கம்.

உடையில் கவனம் வேண்டும். கார்க் ஆடும் நாளில் சிவப்பு ஜாக்கெட் போட்டு வந்துவிட்டு நடுநிலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். டிப்பரேரிக்கும் கிளேருக்கும் நீலமும் மஞ்சளும்தான். கெர்ரிக்கும் டொனிகாலுக்கும் பச்சையும் பொன்னும். சாம்பல் நிறம் உத்தமம். க்ரோக் பார்க்கில் பிற்பகல் வெயில் ஹோகன் ஸ்டாண்டுக்கு முதுகில், எதிரே குசாக் ஸ்டாண்டுக்கு முகத்தில். ஹோகனில் ஜூலையிலும் குளிரும். ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். குசாக்கில் தொப்பி வேண்டும், ஆனால் கோப்பை கொடுப்பது ஹோகன் ஸ்டாண்டில் என்பதால் அதை நேருக்கு நேர் பார்ப்பது குசாக்கில் இருப்பவர்கள்தான். இரண்டிலும் கீழடுக்கின் முன் வரிசைகளுக்குக் கூரை எட்டாது.

க்ரோக் பார்க்கின் ஹில் 16-லும் தர்லஸின் கில்லினன் எண்டிலும் நின்றுதான் பார்க்க வேண்டும். அங்கே இடம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த முதியவர்களுக்கு நன்றி: இரும்புத் தடுப்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். கோல் விழுந்ததும் மேல்படிகளிலிருந்து கூட்டம் கீழே சரியும். அந்த வேகத்தைத் தடுப்பு வாங்கிக்கொள்ளும். தடுப்புக்கு மேல்பக்கம் அதில் சாய்ந்து நின்றால் சரிகிற கூட்டம் வயிற்றை இரும்போடு அழுத்தும். ஒரு மணி நேரம் முன்னால் போனால்தான் அந்த இடம் கிடைக்கும். டப்ளின் கால்பந்து ஆடும் நாளில் ஹில் 16 அவர்களுடையது. நடுநிலை ரசிகர் வேறு இடம் பார்ப்பது நல்லது.

காதில் சின்ன ரேடியோ வைத்துக்கொண்டு, நடுவர் ஏன் விசில் ஊதினார் என்று முன்வரிசைக்கெல்லாம் அறிவித்த பெரியவர்களையும் மறக்கவில்லை. எஃப்.எம். ரேடியோதான் சரி; ஃபோன் செயலியில் வரும் ஒலி பின்தங்கி வருவதால் புள்ளி விழுந்து முடிந்த பிறகு வர்ணனை கேட்கும்.

கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, வெள்ளித்தாளில் சுற்றிய ஹாம் சாண்ட்விச்சும் பிளாஸ்க் டீயும் முகம் தெரியாதவர்களுக்கும் நீட்டியவர்கள், தங்கள் வயலைக் கார் நிறுத்தத் திறந்துவிட்ட விவசாயிகள், தெருவை அடைத்துவிட்டதால் சொந்த வீட்டுக்கே அடையாளம் காட்டிப் போக வேண்டியிருந்தும் முகம் சுளிக்காத, க்ரோக் பார்க்கை ஒட்டிய ஜோன்ஸ் ரோடு பக்கத்துக் குடும்பங்கள், எல்லோருக்கும் நன்றி. கவுண்டி மைதானங்களில் வழிகாட்டி நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத கிளப்காரர்கள். ஆட்டம் முழுவதும் களத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பது உங்கள் வேலை. கூட்டம் எழுந்து கத்தும்போதும் நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், ஆர்டர் ஆஃப் மால்ட்டா முதலுதவித் தொண்டர்களுக்கும் அதே வணக்கம்.

டிக்கெட் விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சூப்பர்வேலு, சென்ட்ரா கடைகளில் கவுண்டரிலேயே டிக்கெட் கிடைப்பதை நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்குக் கொடியையும் எண்ணையும் சொல்லிக்கொடுத்தவர்களில் பலருக்கு ஃபோனில் டிக்கெட் வாங்கத் தெரியாது.

இப்படிக்கு,
நடுநிலை ரசிகர்கள் சிலர்
டப்ளின்