ஏப்ரல் பனிச்சரிவு: மணாலி பக்கம் சோலாங், பியாஸ் குண்ட் மலையேறப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ராத்திரி மேகம் மூடியிருந்தால் பனி சரியாக உறையாது. அன்றைக்குக் கிளம்பவே வேண்டாம். வானம் தெளிந்து பனி கல்லாக இறுகியிருந்தால், விடிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் சரிவுகளை விட்டு இறங்கிவிடுங்கள். கிழக்குப் பார்த்த சரிவுதான் முதலில் இளகும். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானாகக் கோடு இழுத்தபடி உருண்டு வந்தாலோ உடனே திரும்புங்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒவ்வொருவராகக் கடக்கவும். புதுப்பனி கொட்டியிருந்தால் அடுத்து வரும் முதல் வெயில் நாள் மிக ஆபத்து.

பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தாக வேண்டும். ஈரப்பனி சரிந்து நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பிளாஸ்டிக் வாரி உடைந்துபோகும், அலுமினிய வாரியே எடுத்து வாருங்கள்.