சோப்பு நுரைப் பனி

வேலூர்,
29.12.2024

அன்புள்ள ஜெயா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. முழங்கால் வலி, மருமகளின் பிரசவம், வீட்டுக்கு வெள்ளையடித்தது என்று மூன்று காரணம் கைவசம் வைத்திருக்கிறேன். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் கூட்டினாலும் ஏழு மாதம் வராது. திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள், முதலில் படி. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி குப்புறக் கவிழ்கிறாள். நீ அனுப்பிய படத்தில் கம்பளித் தொப்பியும் கோட்டுமாக நிற்பது நீதான் என்பதை மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பேரன்களோடு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து பார்க்க நல்ல படமாகச் சொல் என்று நீ கேட்டது ஜூன் மாதம். விடுமுறை முடியப் போகும்போது பதில் எழுதுகிறேன். பரவாயில்லை, உங்கள் ஊரில் பனி மார்ச் வரை கிடக்குமாமே.

சின்னவனுக்கு 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' போடு. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்தது, 25 நிமிடம்தான். குழந்தைகளுக்குக் குழந்தைகளே குரல் கொடுத்திருக்கிறார்கள். இங்கே சிரியுங்கள் என்று பின்னாலிருந்து யாரும் சிரித்துக் காட்டுவதில்லை. முன்கூட்டிப் பார்த்த தொலைக்காட்சி அதிகாரிகள் இது தேறாது என்று உதட்டைப் பிதுக்கினார்களாம். போர்வையைக் கையில் பிடித்தபடியே திரிகிற லைனஸ் என்ற பையன் மேடை நடுவில் போய் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அப்படியே ஒப்பிக்கிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் நினைவு. நீ மேய்ப்பர்களை வயல்வெளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மேலே வரி வராமல் விழித்தாயே! பாவம், அவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.

பெரியவனுக்கு நான் 'ஹோம் அலோன்' சொல்ல வேண்டியதில்லை, அவனே உனக்கு வசனம் சொல்லுவான். அதில் அந்தப் பையன் ஒரு கறுப்பு வெள்ளை அடிதடிப் படம் பார்ப்பான் அல்லவா, அதை நிஜமான பழைய படம் என்று நம்பி இரண்டு வருடம் தேடினேன். இந்தப் படத்துக்காகவே எடுத்துச் சொருகிய துண்டாம் அது. என் மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவனோடு வேறொரு சண்டையும் நடக்கிறது. 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கட்டடம் முழுக்கத் துப்பாக்கியும் கண்ணாடித் தூளும், வெளிவந்ததும் 1988 ஜூலையில், இது எந்த ஊர் கிறிஸ்துமஸ் என்று கேட்டேன். உடனே கைப்பேசியைத் தட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா பொய்யா என்று கோர்ட்டில் வழக்கு நடக்குமே, 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்', 1947இல் அதுவும் வெயில் காலத்தில்தான் வந்தது என்று என் வாயை அடைத்தான். போதாததற்கு விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்த 'மெரி கிறிஸ்துமஸ்' வேறு. பெயரிலேயே பண்டிகை, கதை நடப்பது பம்பாயில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில், வெளியிட்டதோ 2024 ஜனவரி 12இல், பொங்கலுக்கு! நான் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சை மாற்றினேன்.

நமக்கு ஏது இத்தனை தேர்வு? ஆலய மைதானத்தில் வேட்டியைக் கட்டி, ஜெனரேட்டர் கடகடக்க, விஜயசந்தர் இயேசுவாக நடித்த 'கருணாமயுடு' போடுவார்கள். தெலுங்குப் படம், தமிழ் பேசும். நாம் போய்ச் சேரும்போது முன்பக்கம் நிறைந்திருக்கும், திரைக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்து பார்ப்போம். இயேசு இடக்கையால் ஆசீர்வதித்தார். அவர் இடக்கைக்காரர் என்று நீ வகுப்பில் சொல்லி அடி வாங்கினாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், 27ஆம் தேதி மாலை மைதானத்தில் ஒரு படம் போடலாம் என்றார்கள். ஓய்வு பெற்ற டீச்சர், ஆங்கிலம் தெரிந்தவள் என்று தேர்வு செய்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்றேன். 1946ஆம் வருடத்துப் படம், கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்கு மேல். யாரும் உட்கார மாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மைக் வைத்துத் தமிழில் சொல்கிறேன் என்று வீம்பு பிடித்தேன். என் வீம்பு உனக்குத் தெரியும்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் ஏன் இத்தனை பைத்தியம் என்றால், அது பிழைத்த கதைதான். அதன் மூலக்கதையை எழுதியவர் ஒரு பதிப்பாளரும் வாங்காமல், 1943இல் 200 பிரதி தாமே அச்சடித்து நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். அது இயக்குநர் பிராங்க் காப்ரா கைக்குப் போய்ப் படமானது. படமும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. பிறகு 1974இல் யாரோ காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகள் டிசம்பர் தோறும் போட்டுத் தள்ள, வீட்டுக்கு வீடு அதுவே கிறிஸ்துமஸ் படமாகிவிட்டது. மறதிக்காரச் சித்தப்பா ஒருவர் பணத்தைத் தொலைக்கிற கதை, யாரோ ஒருவரின் மறதியால் பிழைத்திருக்கிறது பார்!

அதில் கொட்டுகிற பனியும் பனி இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளையடித்த கார்ன்பிளேக்ஸைத்தான் பனி என்று கொட்டுவார்களாம். நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், பேசுவது கேட்காது, வசனத்தைத் திரும்பப் பதிய வேண்டும். அதனால் தீயணைப்பான் நுரையோடு சோப்பையும் தண்ணீரையும் கலந்து ஊதினார்கள். படம் பிடித்ததோ கலிபோர்னியாவின் கொளுத்துகிற வெயிலில். பாலத்தில் நின்று நடுங்குகிற கதாநாயக நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நெற்றியில் வடிவது வியர்வை என்று தெரிந்ததும் அவர் எனக்கு வேலூர்க்காரர் ஆகிவிட்டார்.

ஏழு மணிக்குத் தொடங்கினோம். அறுபது பேர் இருந்தார்கள். மார்கழிப் பனி தலையில் இறங்க, முக்காடு போட்டுக்கொண்டு திரையில் பனியைப் பார்த்தோம். "அதற்கும் இதற்கும் ஒரே பெயரா டீச்சர்?" என்று ஒரு வாண்டு கேட்டது. படத்தில் கதாநாயகன் நடத்துகிற பில்டிங் அண்டு லோன் என்றால் என்ன என்று சொல்லத் திணறி, "நம் சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய பணமும் ஒருவரிடம், ஒருவர் வீடு கட்ட மற்றவர்கள் பணம்" என்றேன். அவ்வளவுதான், பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சீட்டு என்றால் வட ஆற்காட்டுக்குப் பாடமா எடுக்க வேண்டும்?

கலாட்டாவுக்கும் குறைவில்லை. இரண்டாம் வகுப்புத் தேவதூதன், இன்னும் சிறகு கிடைக்கவில்லை என்று கிளாரன்ஸ் வந்ததும் நம் மூப்பர் எழுந்தார் (அவரேதான், கீர்த்தனையில் எல்லாருக்கும் ஒரு அடி முன்னால் போகிறவர்). செத்த மனிதன் தேவதூதன் ஆவதாக வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆயர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மணி ஒலித்தால் ஒரு தேவதூதனுக்குச் சிறகு முளைக்கும் என்று நான் மொழிபெயர்த்ததுதான் தவறு. நான்கு பையன்கள் நழுவிப் போய் ஆலய மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டார்கள். யார் இறந்தது என்று தெருவே வந்து நின்றது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். இனி எழுத வேண்டியதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தேவதூதன் வருவதற்கு வெகு முன்னால் ஒரு கட்டம். கதாநாயகன் ஜார்ஜுக்கு அன்று கல்யாணம். தேனிலவுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஊர் முழுக்கப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்கிறது. அவன் மனைவி, பயணத்துக்கு வைத்திருந்த 2,000 டாலரைத் தூக்கிக் காட்டுகிறாள். உங்களுக்கு இப்போதைக்கு எவ்வளவு போதும் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறான். முதலில் நிற்கிறவன் டாம் என்று ஒருவன். 242 டாலர் என்கிறான், தன் கணக்கில் உள்ளது முழுவதும். தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள் என்று ஜார்ஜ் கெஞ்சுகிறான். அவன் அசையவில்லை. 242.

எனக்கு அந்த இடத்தில் குரல் போய்விட்டது ஜெயா. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு பையன் ஒயரை ஆட்டினான்.

கோட்டைக் கோவிலுக்குச் சாமி திரும்பி வந்தாரே, அந்த 1981. உன் அப்பா நடத்திய கிறிஸ்துமஸ் சீட்டு. மாதம் 15 ரூபாய், 24 பேர், 11 மாதம். கணக்கை நேற்று இரவு திரும்பப் போட்டுப் பார்த்தேன், 3,960 ரூபாய். லாங் பஜாருக்கு வருகிற டவுன் பஸ்ஸில் மாமாவின் மஞ்சள் பை போனது. அந்தச் செய்தி காம்பவுண்டுக்குள் மாமாவுக்கு முன்னால் வந்துவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அன்று இரவு முதலில் உங்கள் வாசலுக்கு வந்தது யார் என்பது. நீ அத்தையோடு பாட்டி வீட்டில் இருந்தாய்.

என் அம்மாதான் வந்தாள். நான் கூட வந்தேன், அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு. மாமா திண்ணையில் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "பொங்கலுக்குள் கொடுத்துவிடுகிறேன் அக்கா" என்றார். அம்மா "165 ரூபாய், எனக்கு இப்போதே வேண்டும்" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைக்காரரிடம் சில்லறை கேட்பது போல. மாமா உள்ளே போய் எடுத்து வந்து எண்ணிக் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் கோழிக்காரப் பாட்டி வந்தாள். "எனக்கு முழுவதும் வேண்டாம் தம்பி, மாவுக்கும் வெல்லத்துக்கும் இருபது ரூபாய் இருந்தால் போதும்" என்றாள். படத்திலும் ஒரு கிழவி வருகிறாள், பதினேழரை டாலர் மட்டும் கேட்கிறாள். ஜார்ஜ் அவளை முத்தமிடுகிறான். மாமா பாட்டியின் காலைத் தொட்டார்.

அந்த 165 ரூபாயில்தான் என் ஊதாப்பூப் பாவாடை. கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அதைக் கட்டிக்கொண்டு உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். நீ போன வருடப் பச்சைச் சட்டையில் இருந்தாய். பாவாடையைத் தடவிப் பார்த்து "வழுவழுவென்று இருக்கிறது" என்றாய். நாற்பத்து மூன்று வருடமாக நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அப்பா அப்போது எங்களோடு இல்லை, அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை வைக்க வழியில்லை. டாமையும் அந்தப் படத்தில் யாரும் திட்டுவதில்லை. சித்தப்பா தொலைத்த பணத்தை எடுத்து வைத்துக்கொண்ட பாட்டர் கிழவனுக்கே கடைசிவரை தண்டனை கிடையாது. நம் பெண்களுக்கு அதில்தான் மகா கோபம், "போலீஸ் எங்கே டீச்சர்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

முடிவில் ஊரே ஜார்ஜ் வீட்டுக்குப் பணத்தோடு வருகிறது, மேஜை மேல் கொட்டுகிறது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அழுவேன். இந்த முறை அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாமா வீட்டுக்கு யாரும் அப்படி வரவில்லையே. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கடைசிப் பாக்கியையும் கொடுத்து முடித்தார். ஜூனில் நீங்கள் மாற்றலாகிப் போனீர்கள். லாரியில் ஆர்மோனியப் பெட்டி ஏறவில்லை என்பதை நான் பார்த்தேன். கேட்கத்தான் தைரியமில்லை.

படம் முடியும்போது மீதி இருந்தது பதினேழு பேர். நாற்காலிகளை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறேன், முழங்காலால் இல்லை.

அந்த ஆர்மோனியத்தை மாமா யாரிடம் கொடுத்தார் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாது என்றால், தெரியாது என்று எழுது. எதுவானாலும் எழுது.

உன்,
சுகிர்தா

பி.கு.: உனக்குக் கல்கல் அனுப்ப ஆசை. அங்கே போய்ச் சேருவதற்குள் மாவாகிவிடும் என்று மகன் சொல்கிறான். 'டை ஹார்ட்'டை உன் பேரன்கள் கண்ணில் காட்டாதே, என் மகனுக்கு ஆள் சேர்ந்துவிடும்.