தேரன்று எங்கள் அம்மாவைச் சுற்றி நின்றவர்களுக்கு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, தேத்தண்ணீருக்குச் சீனி போதாது என்று எங்களைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். தேர்த் திருவிழா அன்று கோயில் வீதியில் அம்மா இதயம் நின்று விழுந்ததை ஊரே கண்டது. வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்களும் அன்றிரவே கேள்விப்பட்டுவிட்டார்கள். ஆகையால் அதனை இங்கே மீண்டும் விவரிக்கப் போவதில்லை. அவரை எங்களுக்குத் திருப்பித் தந்தவர்களுக்கு நன்றி சொல்வதற்கே இம்மடலை எழுதுகிறோம். ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் வந்து கைகூப்புவதுதான் முறை என்பது தெரியும். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளிக்கிட இன்னும் மனம் துணியாமையால், எழுத்தில் முந்திக்கொள்கிறோம்.

முதல் நன்றி சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் முதலுதவித் தொண்டர்களுக்கு உரியது. கொட்டகைக்குள் கதிரை போட்டு இருந்துகொண்டு, நோயாளி தங்களைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தேர் நகர நகர அதன் பின்னாலேயே நடப்பதற்கென்று இருவரை முன்கூட்டியே நியமித்திருந்தார்கள். வடத்தில் அத்தனை பேர் நின்ற வீதியில், கொட்டகையிலிருந்து ஒருவர் நெரிசலைப் பிளந்துகொண்டு வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு மார்பழுத்தம் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், அவர் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ 7 முதல் 10 வீதத்தைக் கொண்டுபோய்விடும் என்று பிற்பாடு அறிந்தோம். தொண்டர்களான அந்தத் தம்பியும் தங்கச்சியும் மார்பின் நடுவில், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற கணக்குப் பிசகாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள்மாறி ஆள்மாறி அழுத்தினார்கள். அம்மாவுக்கு இன்னும் விலா எலும்பு நோகிறது. சரியாக அழுத்தினால் அப்படி நோவதுண்டு என்று வைத்தியர் சொன்னபின், அந்த நோவையும் நாங்கள் நன்றிக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆயினும் இம்மடலில் கூடுதலான இடத்தைப் பெறவேண்டியவர், முதலுதவி பற்றி எந்த வகுப்புக்கும் போகாத ஒருவர். தெற்கு வீதித் திருப்பத்தில் காப்புக்கடை போட்டிருந்த அக்காவை உங்களிற் பலர் அறிவீர்கள். திருவிழாவுக்குத் திருவிழா கடை போட்டுப் பிழைப்பவர்; எங்கள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வந்தவர். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டமையால் இங்கே எழுதவில்லை. நிலத்தில் கடும்பச்சை நிறப் படுக்கை விரிப்பு ஒன்றைப் பரப்பி, அதன் மேல் கண்ணாடிக் காப்புகளைத் தொகுதி தொகுதியாக நூலிற் கட்டி அடுக்கியிருந்தார். அவருடைய கடைக்கு முன்னால்தான் அம்மா விழுந்தார்.

தம்பி முழந்தாளிட்டு அழுத்தத் தொடங்கிய சற்றைக்குள், அம்மாவின் தோளில் சேலையைக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றவேண்டி வந்தது. கழற்றப்போன தங்கச்சி நிமிர்ந்து பார்த்தபோது, சுற்றிலும் ஒரு சுவர் போல ஆட்கள் நின்றார்கள். பலருடைய கைகளில் தொலைபேசி உயர்ந்திருந்தது. அவர் தயங்கிய அந்தக் கணத்தில், காப்புக்கடை அக்கா விரிப்பின் ஒரு விளிம்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். அடுக்கியிருந்த காப்புகள் எல்லாம் மணலில் சரிந்தன. “ஆம்பிளையள் எல்லாரும் அங்கால திரும்புங்கோ, பொம்பிளையள் கிட்ட வந்து இதைப் பிடியுங்கோ!” என்று அவர் போட்ட சத்தம், நாதஸ்வரத்தையும் தவிலையும் மீறிக் கேட்டதாக அங்கே நின்றவர்கள் சொல்கிறார்கள். விரிப்பை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, தொண்டர்கள் முழந்தாளிட்டிருந்த இடத்தின் பக்கமாக உருண்டு வந்த கண்ணாடித் துண்டுகளைத் தன் காலாலேயே ஒதுக்கித் தள்ளினார். அதற்குள் பெண்கள் பலர் வந்து சேர்ந்துவிட்டார்கள். விரிப்பு எட்டாத பக்கத்தில் ஒருவர் தம்முடைய சால்வையை விரித்தார். இன்னும் இருவர் கைகளைக் கோத்துக்கொண்டார்கள். எல்லோரும் அம்மாவுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி, அம்புலன்ஸ் புறப்படும்வரை அசையாமல் நின்றார்கள்.

வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. மறைக்க வந்தவர்களே எட்டிப் பார்ப்பது நாங்கள் காணாத காட்சியல்ல.

இதனை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியின் ஒட்டுகளை வெறுந்தோலின் மீதுதான் ஒட்ட வேண்டும். சேலையையும் சட்டையையும் நீக்கி, வியர்வையைத் துடைத்து, தாலிக்கொடியை ஒட்டு படாத பக்கமாக ஒதுக்கிய பின்னரே அம்புலன்ஸில் வந்தவர்கள் தங்கள் வேலையைத் தொடங்க முடிந்தது. கோயில் வீதியில் மேலுக்குச் சட்டையில்லாமல் நிற்கும் ஓர் ஆணுக்கு இந்தத் தாமதம் எதுவும் இல்லை. பெண்ணென்றால் தொடுவதற்கே கை கூசுகிறது. தொட்டால் என்ன கதை வருமோ என்று ஆண்கள் பின்வாங்க, பெண்கள் தங்களுக்குத் தெரியாத வேலை என்று ஒதுங்க, நேரம் போய்விடுகிறது. இது எங்கள் ஊரின் குணம் மட்டுமன்று. அமெரிக்காவில் 2017 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 வீதமானோருக்கு அருகில் நின்றவர்கள் மார்பழுத்தம் கொடுத்திருக்க, பெண்களில் 39 வீதமானோருக்கே அது கிடைத்திருக்கிறது. பயிற்சிக்குக் கொண்டுவரும் பொம்மைகளிற் பெரும்பாலானவை ஆணுடலின் வடிவில் இருப்பதும் இந்தக் கூச்சத்துக்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். பொம்மைக்குச் சேலை இல்லை, ஊசி இல்லை, தாலிக்கொடி இல்லை. சுற்றி நின்று படம்பிடிப்பவர்களும் இல்லை.

அந்த அக்கா விரித்த துணி, தொண்டர்களின் கூச்சத்தையும் நிமிடங்களையும் சேர்த்தே மிச்சப்படுத்தியது. அம்மாவுடைய அந்த நிலையைக் காட்டும் ஒளிப்பதிவு ஒன்றுகூட இன்றுவரை எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு விபத்து நடந்தால் அம்புலன்ஸுக்கு முன்னரே முகநூலுக்குச் செய்தி போய்விடும் இக்காலத்தில், இது சிறிய காரியமன்று. அம்மா கண்விழித்து, மற்றவற்றையெல்லாம் விசாரித்த பின்னர், மெல்லிய குரலில் எங்களிடம் கேட்டது இதைப் பற்றித்தான்: “சனம் எல்லாம் பாத்ததோ?” இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலுக்குத்தான், அக்கா, உங்களுக்கு நாங்கள் எப்போதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மறுநாள் தீர்த்தத் திருவிழாவுக்குச் சென்ற எங்கள் தம்பி, உடைந்த காப்புகளுக்கு விலை கொடுக்க முயன்றிருக்கிறார். தேர் நாள்தான் அவர்களுக்குப் பெரிய வியாபார நாள் என்பது யாருக்குத் தெரியாது? அந்த அக்கா வாங்க மறுத்துவிட்டார். விரிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, “அது கிழியேல்லைத் தம்பி, தோய்ச்சுப் போட்டிட்டன்” என்று, கடைக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைக் காட்டினாராம். பிறகு பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அளவு பார்க்கத் திரும்பிவிட்டார்.

இனி, தனித்தனியே பெயர் சொல்லி முடியாத மற்றவர்கள். கூட்டத்தில் ஒருவர் விழுந்ததை அறிந்தவுடன் வடத்தைத் தளர்த்தித் தேரை நிறுத்திய இளைஞர்கள், பதற்றம் குரலில் தெரியாமல், வடக்கு வீதியைத் திறந்துவிடும்படி ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் அறிவித்தவர், தங்கள் முச்சக்கர வண்டிகளை நொடியில் ஒதுக்கி அம்புலன்ஸுக்கு வழிவிட்ட சாரதிமார், கடமையிலிருந்த பொலிஸார், 1990 சுவசெரிய அம்புலன்ஸ் ஊழியர்கள், வைத்தியசாலையின் வைத்தியர்கள், தாதியர்கள், சிற்றூழியர்கள், அந்த நாட்களில் எங்கள் வீட்டு உலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட அயலவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. 2016 இல் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 ஆம் ஆண்டு யூலை மாதம் வடக்குக்கும் வந்தது. அதற்கு முன்னர் இதே காரியத்துக்கு வாடகை வான் தேடி ஓடிய காலத்தை அறிந்தவர்கள் எங்கள் நன்றியின் அளவை விளங்கிக்கொள்வார்கள். சோடா உடைத்துக்கொண்டு ஓடிவந்தவர்களுடைய அன்பையும் மதிக்கிறோம். ஆனால் நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை, அந்த அன்புக்கு மரியாதை கொடுத்தே, இங்கு சொல்லி வைக்கிறோம்.

பரிபாலன சபையினருக்கும் ஒரு வார்த்தை. முதலுதவிக் கொட்டகைக்குத் தேரடியில் இடம் கொடுத்தால் ஒரு கடையின் வாடகை போய்விடும் என்ற பேச்சுக் கூட்டத்தில் எழுந்தபோது, இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றவர்கள் உங்களில் இருந்தார்கள். நல்லூரில் 25 நாள் மகோற்சவத்துக்கும் முதலுதவித் தொண்டர்கள் நிற்பதைக் கண்டு பழகிய எங்களுக்கு, ஊர்க்கோயில் தேருக்கும் அது வேண்டும் என்பது ஏனோ சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. அந்தக் கொட்டகையில் அன்று முழுவதும், விரதத்தோடு வெயிலில் நின்று மயங்கியவர்களுக்கு நிழலும், நினைவு தெளிந்தபின் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலும் கொடுத்தார்கள். அங்கப்பிரதட்சணை செய்து தோல் உரிந்தவர்களுக்கு மருந்து கட்டினார்கள். அம்மாவின் செய்தியின் நிழலில் இந்த வேலை யார் கண்ணிலும் படாமற் போய்விடக் கூடாது.

வைத்தியசாலையின் காத்திருப்போர் வாங்கில் இருந்தபோது, நாங்கள் பிள்ளைகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அம்மா சுகமானால் நேர்த்திக்கடன் வைப்பதாக ஆளுக்கொன்று சொல்லியிருந்தோம். அவை அம்மனுக்கும் எங்களுக்கும் இடையிலானவை, நிறைவேறும். அவற்றுக்கு மேலாக, ஊருக்கென்று இதனைச் செய்கிறோம். தொண்டர்களின் கொட்டகையில் எப்போதும் இருக்கும்படி, மடித்துத் தூக்கக்கூடிய கம்புகளோடு மறைப்புத் துணிகளை எங்கள் செலவில் தைத்துக் கொடுக்கிறோம். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னர் சனசமூக நிலைய மண்டபத்தில் முதலுதவி வகுப்பு ஒன்றை நடத்தித் தருமாறு தொண்டர்களைக் கேட்டிருக்கிறோம், அவர்களும் இசைந்திருக்கிறார்கள். அவ்வகுப்பில் பயிற்சிப் பொம்மைக்குச் சேலை உடுத்தி, தோளில் ஊசி குத்தி, கழுத்தில் ஒரு சங்கிலியும் போட்டுத்தான் பழக்கவேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். முதலிற் சிரித்தார்கள். பின்னர், அழுத்தப் பழகுவதோடு துணி பிடிக்கவும் முதுகைத் திருப்பி நிற்கவும் பழக்கலாம் என்று அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். காப்புக்கடை அக்காவையும் வரும்படி கேட்டிருக்கிறோம். திருவிழா இல்லாத கிழமையாக இருந்தால் வருவதாகச் சொன்னார்.

வகுப்பில் சேர விரும்புவோர் சனசமூக நிலையப் பொறுப்பாளரிடம் மாலை வேளைகளில் பெயர் கொடுக்கலாம். சிறப்பாகப் பெண்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முழந்தாளிட முடியாதவர்களும், வயது போய்விட்டது என்று நினைப்பவர்களும் தயங்க வேண்டாம். 1990 ஐ அழைத்து இடத்தைச் சரியாகச் சொல்வதற்கும், அம்புலன்ஸ் வரும் வழியில் நின்று கைகாட்டுவதற்கும், துணியின் ஒரு மூலையைப் பிடிப்பதற்கும் ஆட்கள் வேண்டியிருக்கிறார்கள். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, தமது பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

நன்றியுடன்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்