தண்ணீர் நோன்பை முறிக்காது

சேசு, மரி, சூசை

கொழிஞ்சாம்பாறை,
19-3-2025, சூசையப்பர் திருநாள்

அன்பு மகனுக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

அமீரகத்தில் வேலையிடத்தில் மயங்கி விழுந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. வேலந்தாவளம் சந்தையில் உன் நண்பனின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. தவக்காலம் முடியும்வரை பகலில் தண்ணீர் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டாயாம். அறையிலிருக்கும் மலப்புரத்துப் பையன்கள் ரமலான் நோன்பு இருக்கும்போது நாம் மட்டும் குடிப்பதா என்று ரோஷமாம். அவர்கள் விடியுமுன் எழுந்து சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் நோன்பைத் தொடங்குகிறார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் அவர்கள் மார்க்கத்தில் விலக்கும் உண்டு. நீயோ ஒரு கட்டன் சாயாவோடு கம்பி கட்டப் போயிருக்கிறாய். கடைசியில் உன் வாயில் தண்ணீர் ஊற்றியது நோன்பிருந்த அந்தப் பையன்களில் ஒருவன்தானாமே!

இந்தப் பிடிவாதம் உன் அப்பத்தா வழியில் வந்தது. அந்தக் காலத்தில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். 1953-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் தண்ணீர் நோன்பை முறிக்காது என்று சொல்லிவிட்டார். 1964-இல் உணவுக்கான நோன்பும் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அப்பத்தா எதையும் ஏற்கவில்லை. "பாப்பரசருக்குத் தாகம், எனக்கில்லை" என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு கோடை வெயிலில் கோயிலுக்கு நடந்து போவார். ஒரு முறை பூசை நடுவே சரிந்து விழுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பக்தி என்று ஊர் சொன்னது. எனக்கு அன்றும் கோபம்தான் வந்தது.

தாகம் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கண்ணு. ஆழியாற்றிலிருந்து நம் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று தமிழ்நாட்டோடு போட்ட 1970 ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை உன் அப்பா மந்திரம்போலச் சொல்வார். நம் ஆழ்துளைக் கிணற்றிலோ மாசியிலேயே காற்றுதான் வருகிறது. இன்று காலை டேங்கர் லாரிக்காரர் "வெள்ளம், வெள்ளம்" என்று கூவினார். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த உன் சித்தி மகள் பயந்துபோய்த் திண்ணையில் ஏறிக்கொண்டாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான் என்று சொல்லிச் சிரித்தோம். கிடைத்தது ஐந்து குடம்.

பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில், சிலுவையில் இயேசு சொன்ன ஐந்தாம் வார்த்தையான "தாகமாயிருக்கிறேன்" வரும்போதெல்லாம், அது ஆன்மாக்களுக்கான தாகம் என்று விளக்குவார்கள். இருக்கலாம், நான் படித்தவள் இல்லை. ஆனால் அடிபட்டு, இரத்தம் சிந்தி, சிலுவை சுமந்து வந்த உடம்பு அது. நாக்கு ஒட்டியிருக்கும், அதனால்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கடற்பஞ்சில் நீட்டியது புளித்த திராட்சை ரசம், நீட்டியவர்களும் பகைவர்கள். அப்படியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாக்கோபின் கிணற்றடியிலும் அறிமுகமில்லாத சமாரியப் பெண்ணிடம் வாய்விட்டுத்தானே கேட்டார்? அவருக்கில்லாத வெட்கம் உனக்கு எதற்கு?

நண்பகலில் வெளிவேலை கூடாது என்ற சட்டம் அங்கே ஜூன் 15-இல்தான் தொடங்குமாம், அதுவும் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரைதான். அதுவரை வெயில் உனக்காகக் காத்திருக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கையில் வைத்துக்கொள். அந்தப் பையன்கள் எதிரில் குடிக்கச் சங்கடமாக இருந்தால் தள்ளிப் போய்க் குடி. அதுவும் மரியாதைதான்.

நேர்ச்சையை மீறினால் பாவமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். உடம்பைக் கெடுக்கும் நேர்ச்சையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், வேறொன்றை விடச் சொல்லுங்கள் என்றார்.

சிகரெட்டை விடு. எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்?

அன்புடன்,
அம்மா